கேள்வி மேடை: கையை எடுத்தாலும் நிற்காத மருந்து

"முதுகில் மாட்டும் 16 லிட்டர் ஸ்பிரேயர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். டிரிக்கரை விட்டதும் அது சட்டென்று எழும்புவதில்லை, மெதுவாகத்தான் திரும்புகிறது. அதற்குள் மருந்து கையில் வழிகிறது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?"
- வாசகர் ஒருவர், துறையூர்.

ஸ்பிரிங்கை இழுக்க வேண்டாம். இழுத்த ஸ்பிரிங் கொஞ்ச நாள் விறைப்பாக இருந்துவிட்டு மறுபடியும் தளர்ந்துவிடும். பழைய ஸ்பிரேயரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது, முன்பு வைத்திருந்தவர் அடித்த மருந்தின் கசடைத்தான். காப்பர் ஆக்சிகுளோரைடு, நனையும் கந்தகம் போன்ற தூள் மருந்துகளை அடித்துவிட்டு அலசாமல் வைத்தால், டிரிக்கருக்குள் இருக்கும் சிறு தண்டைச் சுற்றிக் கசடு காய்ந்து இறுகிவிடும். தண்டு நகர இடமில்லாதபோது நல்ல ஸ்பிரிங்கால்கூட அதைத் தள்ள முடியாது.

டேங்கைக் காலி செய்துவிட்டு, டிரிக்கரை அழுத்தி உள்ளே இருக்கும் அழுத்தம் முழுவதையும் வெளியேற்றுங்கள். ரப்பர் கையுறை அவசியம். பிறகு கைப்பிடியை மட்டும் ஆட்டிப் பாருங்கள். அது தாராளமாக ஆடி, தண்டு மட்டும் மெதுவாக எழும்பினால் கோளாறு உள்ளே இருக்கிறது. கைப்பிடியே இறுக்கமாக இருந்தால் அதன் ஆணி வளைந்திருக்கலாம், பூட்டும் கொக்கி பாதியில் மாட்டியிருக்கலாம். உள்ளே எதையும் கழற்ற வேண்டியதில்லை.

கோளாறு உள்ளே என்றால் மூடியைத் திருகிக் கழற்றி, ஸ்பிரிங், தண்டு, ரப்பர் வளையம் ஆகியவற்றை வந்த வரிசையிலேயே ஒரு துணியில் வையுங்கள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். கம்பி, கத்தி வேண்டாம். தண்டு உட்காரும் இடத்தில் கீறல் விழுந்தால் சொட்டுவது நிற்கவே நிற்காது. ரப்பர் வளையம் உப்பியோ வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள். துருப்பிடித்த ஸ்பிரிங்கையும் அப்படியே. பழைய உருப்படியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி, அதே அளவில் கேளுங்கள். மண்ணெண்ணெய், டீசல், கழிவு ஆயில் விடும் பழக்கம் நம்மிடம் அதிகம். சில வகை ரப்பர் எண்ணெய் பட்டால் உப்பி, முன்பைவிட மோசமாகச் சிக்கிக்கொள்ளும். சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டுப் போதும்.

டிரிக்கரைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. விற்றவர் அந்த டேங்கில் களைக்கொல்லி அடித்தாரா என்று கேட்டீர்களா? 2,4-டி அடித்திருந்தால், ஹோஸிலும் டிரிக்கரிலும் தங்கிய மிச்சமே பருத்தி இலையை வெண்டை இலைபோல் குறுக்கிவிடும். தக்காளி, திராட்சையும் தாங்காது. வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசியதை நம்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் அந்த ஸ்பிரேயரைக் களைக்கொல்லிக்கென்றே ஒதுக்கிவிட்டு, பயிருக்கு வேறொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவிய தண்ணீரைக் கிணறு, வாய்க்கால், மாடு தண்ணீர் குடிக்கும் இடம் எல்லாவற்றுக்கும் தள்ளி, பயிரில்லாத நிலத்தில் ஊற்றுங்கள். கடைசியாக வெறும் தண்ணீர் நிரப்பி அடித்துப் பாருங்கள். டிரிக்கரை விட்டதும் நாசிலில் சொட்டு நின்றால் மருந்து கலக்கலாம்.