முன்சக்கரத்தில் 'கடக் கடக்' சத்தம்: சஸ்பென்ஷன் வேலையை வீட்டிலேயே செய்யலாமா?

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது காரின் முன்பக்கம் 'கடக்' என்று ஒரு சத்தம். பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டால் இன்னும் தெளிவாகக் கேட்கும். "வண்டி ஓடுதுல்ல, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சில வாரங்கள் போகும். கடைசியில் பட்டறைக்குக் கொண்டுபோனால், "ரெண்டு பக்கமும் லோயர் ஆர்ம், ஷாக், லிங்க் ராட் எல்லாம் மாத்தணும் சார்" என்று நீளமான எஸ்டிமேட் வரும். அந்த நிமிடத்தில்தான் பலர் யூடியூபைத் திறக்கிறார்கள். 15 நிமிட வீடியோவில் ஒருவர் சர்வசாதாரணமாக எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிடுகிறார். நாமே செய்தால் என்ன?

செய்யலாம், ஆனால் எல்லாவற்றையும் இல்லை. எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்ற கோடு எங்கே இருக்கிறது என்பது அந்த வீடியோக்களில் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. அந்தக் கோடு உயிர் சம்பந்தப்பட்டது.

முன்பக்கத்தில் என்னென்ன இருக்கிறது?

இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றில் முன்பக்கம் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்ற அமைப்பு. 1940களில் ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் வடிவமைத்தது. செலவும் குறைவு, இடமும் குறைவு என்பதால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றியுள்ள ஸ்பிரிங்கும் சேர்ந்ததுதான் ஸ்ட்ரட். அதன் மேல்முனை பானட்டுக்கு அடியில் பாடியோடு பிணைந்திருக்கும். கீழே சக்கரத்தைப் பிடித்திருப்பது லோயர் ஆர்ம். அதன் ஒரு முனையில் பால் ஜாயின்ட், மறுமுனையில் ரப்பர் புஷ்கள். வளைவில் கார் சாயாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலைசர் பாரை இரண்டு பக்கமும் இணைக்கும் சின்னக் கம்பிதான் லிங்க் ராட்.

எது போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சத்தமே பாதி சொல்லிவிடும். மெதுவாகப் போகும்போது சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் 'கட கட' என்றால் முதலில் லிங்க் ராடைச் சந்தேகப்படலாம். பிரேக் அடிக்கும்போதோ, நின்ற வண்டியைக் கிளப்பும்போதோ 'டம்' என்று ஒரு தட்டு தட்டினால் லோயர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'கிரீச்' என்றால் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழுமாக இரு கைகளால் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இன்னொருவரை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட். இடம் வலமாக ஆட்டும்போது மட்டும் பிளே இருந்தால் அது ஸ்டீயரிங்கின் டை ராட் எண்ட்.

இந்தச் சோதனையைச் செய்து பார்த்தாலே பல எஸ்டிமேட்டுகள் சுருங்கிவிடும். போனது ஒரு லிங்க் ராட் மட்டும்தானா, முன்பக்கம் முழுவதுமா என்பது தெரிந்துவிடுமே!

ஜாக்கியை மட்டும் நம்பலாமா?

கூடவே கூடாது. காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டுமே. ஜாக்கியின் வேலை தூக்குவது. தாங்கிப் பிடிக்க ஜாக் ஸ்டாண்ட் என்ற தனிக் கருவி இருக்கிறது. ஸ்டாண்ட் இல்லாமல் காருக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டுவது நேரடியான உயிராபத்து. செங்கல், ஹாலோ பிளாக் அடுக்குவது அதைவிட மோசம். அவை பாரத்தில் விரிசல் காட்டி எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கிவிடும்.

தரை சமமாக இருக்க வேண்டும். அபார்ட்மென்ட் பார்க்கிங்கின் சரிவுப் பாதை இதற்குச் சரிப்படாது. வெயிலில் இளகிய தார் ரோட்டில் ஸ்டாண்டின் கால் புதையும் என்பதால், அடியில் தடிமனான பிளைவுட் துண்டு வைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே தூக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கவைப்பது கூடுதல் பாதுகாப்பு. தனியாகச் செய்யாமல், கூட ஒருவர் இருப்பது நல்லது.

வீட்டில் எதை மாற்றலாம்?

முதல் முறை செய்பவருக்கு ஏற்றது லிங்க் ராட். சிறிய கார்களுக்குச் சில நூறு ரூபாயில் கிடைத்துவிடும். இரண்டே நட்டுதான். ஆனால் நட்டைச் சுற்றினால் உள்ளே இருக்கும் போல்ட்டும் சேர்ந்து சுற்றும். போல்ட்டின் முனையில் ஆலன் கீ நுழையும் குழி இருந்தால் அதில் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். துருப்பிடித்திருந்தால் முதல் நாள் இரவே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுவது புத்திசாலித்தனம்.

ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொண்டு நிற்கும், லிங்க் ராட் சுலபத்தில் வராது. முன்பக்கம் இரண்டையும் ஒரே உயரத்துக்குத் தூக்கினால் முறுக்கு விட்டுப்போகும். இதை மாற்றிய பிறகு வீல் அலைன்மென்ட் தேவையில்லை என்பது இன்னொரு வசதி.

அடுத்த படி லோயர் ஆர்ம். ஓரளவு அனுபவமும் சரியான கருவிகளும் இருப்பவர்கள் செய்யலாம். பழைய புஷ்ஷை மட்டும் எடுத்துப் புதிதைப் பொருத்த ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும், அது வீட்டில் இருக்காது. எனவே ஆர்மை முழுசாக மாற்றுவதே நடைமுறை. பால் ஜாயின்ட்டைச் சுத்தியலால் மாறி மாறி அடித்து எடுக்கப் பார்த்தால் பக்கத்து ரப்பர் பூட்டுகள் கிழியும். அதற்கென்று புல்லர் கருவி இருக்கிறது.

பலரும் தவறவிடுவது கடைசி முறுக்கில்தான். புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் காற்றில் தொங்கும்போது முழுசாக முறுக்கிவிட்டால், கார் தரையிறங்கியதும் உள்ளிருக்கும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் மாட்டிக்கொள்ளும். புதுப் புஷ் சீக்கிரமே கிழியும். முதலில் லேசாக மாட்டிவைத்து, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும். அதுவும் டார்க் ரெஞ்சால், அந்த மாடலுக்குச் சொல்லப்பட்ட அளவில். "கைக்கு டைட்டா இருக்கு, போதும்" என்பது இந்த இடத்தில் செல்லாது.

எதைத் தொடக்கூடாது?

ஸ்ட்ரட்டின் ஸ்பிரிங்கை. அது அழுத்தப்பட்ட நிலையில் மாட்டப்பட்டிருக்கிறது. ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுவே இருக்கும் நட்டை, ஸ்பிரிங்கை முறையாக அழுத்திப் பிடிக்காமல் கழற்றினால் மொத்த விசையும் ஒரே நொடியில் வெளியே வரும். எலும்பை முறிக்கவும் உயிரை எடுக்கவும் அந்த விசை போதும். வாடகைக்கு வாங்கிய தேய்ந்த கம்ப்ரஸரை வைத்துக்கொண்டு பார்க்கிங்கில் செய்துபார்க்கும் வேலை இது இல்லை. ஷாக் மாற்ற வேண்டுமென்றால் வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுவதே நல்லது.

லோயர் ஆர்ம், டை ராட் எண்ட், ஸ்ட்ரட் இவற்றில் எதை மாற்றினாலும் அடுத்து வீல் அலைன்மென்ட் கட்டாயம். விட்டால் புது டயரின் உள்ஓரம் சத்தமில்லாமல் தேயும், பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மெதுவாக ஓட்டிப் பார்த்து, 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும். வாரண்டி முடியாத காராக இருந்தால், கை வைப்பதற்கு முன் அதன் விதிகளைப் படித்துவிடுங்கள்.

தகவல் யாருக்குச் சொந்தம்?

சென்னை ஜி.பி. ரோட்டிலோ ஆன்லைனிலோ உதிரிபாகம் வாங்குவது இன்று சுலபம். டூப்ளிகேட்டும் அதே சுலபத்தில் கிடைக்கிறது. பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே வெளியே சாய்ந்துவிடும் என்பதால், இங்கே மலிவு பார்க்கக் கூடாது. பில்லோடு, பாக எண்ணைச் சரிபார்த்து வாங்குவதே பாதுகாப்பு.

பாகம் கிடைக்கும் அளவுக்குத் தகவல் கிடைப்பதில்லை. எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற அளவைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் யாரோ ஒருவரின் வீடியோவில்தான் போய் நிற்பீர்கள். தெருமுனை மெக்கானிக்கின் நிலைமையும் அதுதான். உண்மையான உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தடையின்றித் தருவதில்லை என்று 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. அந்த விவகாரம் மேல்முறையீட்டுக்குப் போனது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, 'பழுதுபார்க்கும் உரிமை'க்கான குழுவை அமைத்து, வாகனத் துறையையும் அதன் வரம்பில் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் வந்தது.

இணையதளம் நல்ல தொடக்கம்தான். ஆனால் கஸ்டமர் கேர் எண்ணும் சர்வீஸ் சென்டர் முகவரியும் யாருடைய காரையும் பாதுகாப்பாக ஆக்கிவிடாது. ஒவ்வொரு மாடலின் சர்வீஸ் மேனுவலும், குறைந்தபட்சம் பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் பகுதிகளுக்கான டார்க் அளவுகளும் பொதுவெளிக்கு வர வேண்டும். அதை நிறுவனங்களின் விருப்பத்துக்கு விடாமல் விதியாகவே ஆக்க வேண்டும். வீட்டில் ஸ்பேனர் பிடிப்பவருக்கும், ஷெட்டில் தினமும் பத்து வண்டி பார்ப்பவருக்கும் அதே அளவுதான் தேவை. அந்த போல்ட்டுகளை நம்பித்தான் காரும், அதற்கு எதிரே டூவீலரில் வரும் குடும்பமும் சாலையில் போகின்றன.