கழற்ற முடியாத பேட்டரி

புதுக் கைப்பேசி வெளிவருகிறது என்ற செய்தி வந்துவிட்டால் போதும், அன்று எங்கள் பேருந்தில் வேறு பேச்சே கிடையாது. கேமரா எத்தனை, திரை எத்தனை அங்குலம் என்று நானும் தொண்டை வற்ற வாதாடுவேன். வாங்கும் வசதி எங்களில் எவருக்கும் இல்லை என்பது வேறு விஷயம்!

நண்பர்களே, அந்த வாதத்தில் வராத கேள்வி ஒன்று உண்டு. இதன் பேட்டரியை நாமே கழற்றி மாற்ற இயலுமா?

லித்தியம் அயனி பேட்டரி 1991-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு வழிகண்ட குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவரும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். குடினஃபுக்கு அப்போது வயது 97! ஆயினும் அந்த அற்புதத்துக்கும் முதுமை உண்டு. மின்னேற்றம் செய்யச் செய்ய, கிராஃபைட் முனையில் ஒரு படலம் வளர்ந்து லித்தியத்தைச் சிறிது சிறிதாக விழுங்குகிறது. இது வேதியியலின் இயல்பு, குற்றமன்று. பேட்டரியைப் பசையிட்டு ஒட்டி மூடிவிடுவதுதான் குற்றம். முன்பெல்லாம் நகத்தால் மூடியைத் திறந்து மாற்றினோமே!

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. கொத்து வேலைக்கு அப்பாவை மேஸ்திரி அழைப்பதும் அதில்தான். என் உதவித்தொகைச் செய்தி வருவதும் அதில்தான். நண்பகலில் அது அணைந்துவிட்டால் மறுநாள் கூலி போயிற்று.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் ஒரு சட்டம் இயற்றியது. சில விலக்குகள் நீங்கலாக, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்று கூறி, அதற்கு 2027 பிப்ரவரி 18 என நாளும் குறித்தது. நம் நாட்டிலும் அத்தகைய சட்டம் வேண்டும். கருவி மெலிதாக இருப்பதற்காக ஒட்டுகிறோம் என்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் தடித்தால் என் அப்பாவின் சட்டைப்பை கிழிந்துவிடாது.