பழைய விடையிலிருந்து புதிய விடை

தெரிந்த விடையொன்றை மாற்றிப் புதியது காண்பது இரண்டாந்தர விஞ்ஞானம் என்றோர் எண்ணம் நம் வகுப்புகளில் நிலவுகிறது. மாணவன் முந்தைய கணக்கின் விடையைத் திருத்தி அடுத்ததை முடித்தால் மதிப்பெண்ணைக் குறைப்போரும் உளர். இதை நான் ஒப்பவில்லை. வண்டிப்பெரியார் போன்ற மலைத்தோட்டப் பகுதிகளில் தமிழில் கணிதம் போதிக்கும் ஆசிரியர்களும், களப்பணியாளரும் இம்முறையின் மதிப்பைக் கரும்பலகையிலேயே காட்டலாம்.

3, 4, 5 என்னும் செங்கோண முக்கோணப் பக்கங்களை இரட்டித்தால் 6, 8, 10 கிடைக்கும். இது அதே முக்கோணம், பெரிதாக வரைந்ததுதான். இனி, ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து மற்றோர் எண்ணின் வர்க்கத்தை இரு மடங்காக்கிக் கழித்தால் 1 வரவேண்டும் என்க. 3, 2 ஒரு விடை; 9 − 8 = 1. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் கூறிய விதிப்படி இவ்விடையைத் தன்னோடே இணைத்தால், 9 + 8 = 17, 2 × 3 × 2 = 12 என வரும். 289 − 288 = 1. முன்னது வேடம், பின்னது புதிய விடை.

இவ்வேறுபாடே இழைக் கொள்கையிலும் முக்கியமானது. அக்கொள்கை தரும் மீஈர்ப்புச் சமன்பாடுகள் ஐன்ஸ்டீனின் ஈர்ப்புச் சமன்பாடுகளோடு வேறு சில புலங்களும் சேர்ந்தவை. நேரே விடுவித்தல் மிகக் கடினம். 1992-இல், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய அசோக் சென், 1963-இல் கெர் கண்ட சுழலும் கருந்துளை விடையை எடுத்துக்கொண்டார். அது காலத்தால் மாறாதது. அச்சமச்சீர்மை இடந்தரும் உருமாற்றத்தைச் செலுத்த, மின்னேற்றமுடைய சுழலும் கருந்துளை கிடைத்தது. ஐன்ஸ்டீன் கொள்கையில் 1965-இல் காணப்பட்ட மின்னேற்றக் கருந்துளையினின்றும் இது வேறானது.

2005-இல் லூனினும் மால்டசேனாவும் செய்தது இன்னும் நயமானது. இரு வட்டத் திசைகளுள்ள ஒரு விடையில், முதல் வட்டத்தைத் தலைகீழ் ஆரமுள்ள வட்டமாகப் புரட்டினர்; மற்றதை அதனோடு சேர்த்துச் சற்றே பெயர்த்தனர்; பின்னர் முதலதை மீண்டும் புரட்டினர். புரட்டல் மட்டுமோ, பெயர்த்தல் மட்டுமோ செய்தால் பழையதே வேறு பெயரில் நிற்கும். மூன்றும் வரிசையாகச் சேர்ந்தபோது வேறொரு வெளியே தோன்றியது.

சமச்சீர்மை இல்லாவிடத்தில் இம்முறை கைகொடாது. இரு கருந்துளைகள் மோதும் நிகழ்ச்சிக்குக் கணிப்பொறியின் எண்முறைக் கணக்கீடே துணை.

ஆகவே மாணவனிடம் கேட்கவேண்டியது, “எங்கிருந்து எடுத்தாய்?” என்பதன்று, “சமன்பாட்டில் இட்டுப் பார்த்தாயா? இது முன்னதன் வேடமா?” என்பதே. 17, 12-ஐ 3, 2-உடன் இணைக்கச் சொல்லுங்கள். 99, 70 வரும்; 9801 − 9800 = 1.