மாமாவின் நெகட்டிவ்

"மாப்ளே, நெகட்டிவ்னு போட்டிருக்கான். நல்ல சேதிதானே?"

வல்லத்திராக்கோட்டை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மாமா ரிப்போர்ட்டை நீட்டினார். கொரோனாவுக்குப் பிறகு நெகட்டிவ் என்றாலே நம்மாட்கள் ஸ்வீட் வாங்குகிறார்கள். நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே நெகட்டிவ் பாஸ்புக்கில் வருவது. வாங்கிப் பார்த்தேன். 'சி.டி.20 நெகட்டிவ்.'

மாமாவுக்கு லிம்போமா. நிணநீர் முடிச்சுகளில் வரும் கேன்சர். கீமோவோடு ரிட்டுக்ஸிமாப் ஊசி போட்டு அடங்கியது, இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டது. அந்த ஊசி, செல்லின் வாசலில் 'சி.டி.20' என்ற போர்டைப் பார்த்துத்தான் உள்ளே அடிக்கும். அந்த போர்டுக்குப் பெயர் ஆன்டிஜென். இப்போது போர்டைக் காணோம்.

"அதெப்புடி கழட்டும்?"

செல்களுக்கு இது பழைய வேலை சார். 1965-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஹாரிஸும் ஜான் வாட்கின்ஸும் ஒரு வைரஸைத் தரகராக வைத்து மனுஷ செல்லையும் எலி செல்லையும் ஒட்ட வைத்தார்கள். (ஜாதகம் பார்த்ததாகத் தகவல் இல்லை.) 1969-ல் ஹாரிஸும் ஜார்ஜ் க்ளைனும் கேன்சர் செல்லுக்கு சாது செல்லைக் கட்டி வைத்தார்கள். கால்கட்டு போட்டதும் பையன் திருந்திவிட்டான்! எலிக்குள் விட்டும் கட்டி பெரும்பாலும் வளரவில்லை. ஆனால் கலப்பு செல் பெருகப் பெருக குரோமோசோம்களை வழியில் தொலைக்கும். சாது வீட்டுச் சீதனம் தொலைந்ததும் பழைய ரவுடி வெளியே வந்தான். தொலைந்த குரோமோசோமில் எழுதியிருந்த ஆன்டிஜென்களும் வாசலிலிருந்து மறைந்தன.

1975-ல் கோலரும் மில்ஸ்டீனும் இதே கல்யாணத்தை வைத்துத்தான் ஆன்டிபாடி தயாரித்தார்கள், 1984-ல் நோபல். ரிட்டுக்ஸிமாப்பின் பூர்வீகம் அதுதான். அங்கேயும் சில செல்கள் ஆன்டிபாடி ஜீனைத் தொலைத்துவிட்டு, வேலை செய்யாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். (எங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.)

மாமாவின் செல் குரோமோசோமைத் தொலைத்ததா, ஜீனில் எழுத்துப்பிழையா, இல்லை ஜீன் இருந்தும் வாயை மூடிக்கொண்டதா... ரிப்போர்ட்டில் இல்லை. எப்படியானாலும் ஊசிக்கு விலாசம் போச்சு. டீ ஆறும்வரை யோசித்துவிட்டுச் சொன்னேன்.

"இந்த நெகட்டிவ் நல்லதில்ல மாமா. பழைய ஊசி பிரயோஜனப்படாது. சி.டி.19-னு வேற போர்டு இருக்கு. அதைத் தேடிப் போற சிகிச்சை நம்ம பம்பாய் ஐ.ஐ.டி.யில உருவாகி, 2023-ல அனுமதியும் கிடைச்சிருக்கு. உங்களுக்குச் சரிப்படுமான்னு டாக்டரைத்தான் கேக்கணும்."

மாமா கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தார். அப்புறம் ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அடையாறுக்கு டிக்கெட் போடு. தங்கச்சியை கேன்சருக்குப் பறிகொடுத்துட்டு முத்துலட்சுமி ரெட்டி 1954-ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி. அந்தம்மா நம்ம புதுக்கோட்டை. சைடு லோயர் வேணாம், முட்டி வலிக்குது."