நற்கருணை வெறும் ஞாபகக் குறியா?

சிலாபம் முதல் கற்பிட்டி வரையான கரையோரத்தில் இப்போது அடிக்கடி காதில் விழும் வாதம் இது: நற்கருணை வெறும் ஞாபகக் குறி, அப்பத்தில் ஆண்டவர் இல்லை, பூசையும் குருவும் எதற்கு, வீட்டுச் செபமே போதும். நம்பித்தான் சொல்கிறார்கள். நம்பியே மறுக்கிறேன்.

தம் நினைவாகச் செய்யும்படி இயேசு சொன்னது உண்மை. அதே இரவில், அதே அப்பத்தைத் தம் உடல் என்றும் சொன்னார். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது. தகுதியின்றி உண்பவன் ஆண்டவரின் உடலுக்கு எதிராகக் குற்றம் செய்கிறான் என்கிறார் பவுல். வெறும் குறியென்றால் இவ்வளவு கடுமை ஏன்?

இந்த நம்பிக்கை பிற்காலக் குருக்கள் கட்டிய கதை என்பதும் நிற்காது. 1215இல் லாத்தரன் சங்கம் உறுதிசெய்தது, அப்பம் ஆண்டவரின் உடலாக மாறுவதைக் குறிக்கும் ஒரு சொல்லை. நம்பிக்கை அதற்கு ஆயிரம் ஆண்டு மூத்தது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்தியோக்கியா இஞ்ஞாசியாரின் கடிதங்களில் அது இருக்கிறது.

வீட்டுச் செபம் போதுமா? 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை வந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டு நம் முன்னோர் வீட்டில் செபமாலை சொல்லித்தான் வாழ்ந்தார்கள். ஒல்லாந்தர் கோயிலில் இராப்போசனமும் இருந்தது; அங்கே சேர்ந்தவருக்கு உத்தியோகமும் கிடைத்தது. ஆனாலும் 1687இல் கோவாவிலிருந்து பிச்சைக்காரக் கோலத்தில் யோசவ் வாஸ் அடிகள் வந்தபோது, இருட்டில் ஒளிந்து அவரது பூசைக்கு வந்தார்கள். 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியவர்களை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தார்கள். அதன்பின் அடிகள் கண்டி அரசனின் ஆட்சியிலிருந்த புத்தளத்துக்கு வந்து பணிசெய்தார். நம் முன்னோர் பட்ட பாடு இறையியலுக்கு நிரூபணம் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நினைவும் செபமும் மட்டும் அவர்களுக்குப் போதவில்லை என்பதை யாரும் மறுக்க முடியாது.

கடைசி வாதம்தான் உறைக்கிறது: நன்மை (நற்கருணை) எடுப்பவர்களும் பொய்யும் பகையுமாகத்தானே இருக்கிறார்கள்? ஆம். கொரிந்துவிலும் அப்படித்தான், வசதியுள்ளவர்கள் முந்தி உண்டார்கள், ஏழைகள் பசித்துக் கிடந்தார்கள். பவுல் திருவிருந்தை நிறுத்தவில்லை. தங்களையே சோதித்துப் பார்க்கவும், ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கவும் சொன்னார். தலவில அன்னம்மாள் திருநாளில் சிங்களவரும் தமிழரும் ஒரே அப்பத்தில் பங்குகொள்வது அதனால்தான் பெரிய காரியம். கரைவலை இழுத்தவனின் பங்கைக் குறைத்துவிட்டு நன்மைக்கு வரும் வலைச் சொந்தக்காரருக்கு பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கடிதத்தை வாசித்துக் காட்டுவது பங்குக் குருவின் கடமை.