கூடத்தில் ஒரு சமுத்திரம்

வாசக சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார்: "கூடத்தில் கடல் மீன் தொட்டி வைத்தே தீருவது என்று என் கணவரும் பிள்ளையும் ஒரே பிடிவாதமாக இருக்கிறார்கள். நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம். கண்ணாடித் தொட்டிக்குச் சொல்லியாகிவிட்டது. அதைத் தாங்கும் ஸ்டாண்டையும், மேலே மூடும் கூட்டையும் தாங்களே மரத்தில் செய்யப் போகிறார்களாம். சரி என்று சொல்வதா, வேண்டாம் என்று சொல்வதா?"

சரி என்றே சொல்லுங்கள், சகோதரி. வீட்டில் ஆண்பிள்ளைகள் இழைப்புளியும் ரம்பமும் எடுப்பது நல்ல சகுனம். ஆனால் முதல் பலகையை அறுப்பதற்கு முன்பு அவர்களை உட்கார வைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். என்ன கனம்? அந்தக் கனம் எதன் மேல் நிற்கப் போகிறது? தினமும் அதில் கை வைக்கப் போகிறவர் யார்? இந்த மூன்றுக்கும் பதில் வந்தால் பயமில்லை. வராவிட்டால், மீன் வாங்கும் பணத்தில் உங்களுக்கு ஒரு நல்ல புடவை வாங்கித் தரச் சொல்லிவிடுங்கள்.

முதல் கேள்வியைப் பார்ப்போம். குடத்தில் எடுத்து இடுப்பில் வைக்கும்போதுதான் தண்ணீரின் கனம் நமக்குத் தெரிகிறது. கண்ணாடிக்குள் பளபளவென்று நிற்கும்போது அது கனமில்லாத பொருள் மாதிரி ஏமாற்றுகிறது. 4 × 2 × 2 என்றால் 16 கன அடி. ஒரு கன அடி கடல் நீர் சுமார் 29 கிலோ. ஆக, விளிம்பு வரை நிரப்பினால் தண்ணீர் மட்டும் 464 கிலோ. பதினைந்து லிட்டர் குடத்தில் முப்பது குடம்! 12 மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்த வெறும் தொட்டியே சுமார் 90 கிலோ இருக்கும். மணல், கல், கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி, ஸ்டாண்டு எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 700 கிலோவைத் தொட்டுவிடும். ஒரு காலத்தில் நம் தெருக்களில் எங்கு பார்த்தாலும் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800 கார் கூடச் சுமார் 650 கிலோதான். அதை விடக் கனமான ஒன்றை எட்டே சதுர அடியில் நிறுத்தப் போகிறீர்கள்.

நம் நாட்டுக் கட்டடத் தர விதிகளில் (ஐ.எஸ். 875) குடியிருக்கும் அறைகளின் தளம், சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையைத் தாங்கும்படி கணக்கிடப்படுகிறது. உங்கள் தொட்டியின் அடியிலோ சதுர மீட்டருக்கு 900 கிலோவுக்கு மேல் வருகிறது. உடனே தளம் இடிந்து விழுந்துவிடும் என்று கலங்க வேண்டாம். அந்தக் கணக்கு அறை முழுவதும் பரவிய சுமைக்கு; ஓரிடத்துச் சுமையைக் கான்கிரீட் தளம் அக்கம்பக்கத்துக்கும் பகிர்ந்து கொடுக்கும். என்றாலும் விளையாட்டில்லை. தரைத் தளத்தில் குடியிருப்பவருக்குக் கவலை குறைவு. மாடி என்றால் கூடத்தின் நடுவே வைக்கவே கூடாது. கீழே உத்தரமோ, சுமை தாங்கும் சுவரோ இருக்கும் ஓரமாகப் பார்த்து வைக்க வேண்டும். மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கி ஒட்டுப் போட்ட பழைய வீடானால், எஞ்சினியர் ஒருவர் வந்து பார்க்காமல் தொட்டியை மாடிப்படி ஏற்றவே விடாதீர்கள்.

இனி இரண்டாவது கேள்வி. "நல்ல ஸ்குரூவாகப் போடுகிறோம், அம்மா" என்பார் பிள்ளை. அங்கேதான் பிசகு. மேல் சட்டத்தைக் கால்களின் பக்கவாட்டில் ஒட்டி வைத்து ஸ்குரூ முடுக்கிவிடுவது சுலபம். அப்படிச் செய்தால் தொட்டியின் முழுப் பாரமும் அந்த ஸ்குரூக்களில் தொங்கும். மரத்தின் மேல் மரம் உட்கார வேண்டும். மேல் சட்டம் கால்களின் தலையிலும், கால்கள் கீழ்ச் சட்டத்தின் மேலும், கீழ்ச் சட்டம் தரையிலும் உட்கார வேண்டும். எல்லா ஸ்குரூவையும் கழற்றிவிட்டாலும் பாரம் கீழே இறங்காமல் நிற்கும்படி அமைய வேண்டும். ஸ்குரூவுக்கு உள்ள வேலை, மரம் விலகாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே.

அமெரிக்காவில் இந்த ஸ்டாண்டைத் தாமே செய்துகொள்வோர் பலர். கடையில் "இரண்டுக்கு நான்கு" என்று கேட்டு வாங்கும் சட்டத்தைத்தான் பயன்படுத்துவார்கள். பெயர்தான் அப்படி, இழைத்த பிறகு அது ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். நாம் நன்றாக உலர்ந்த தேக்கிலோ வேங்கையிலோ செய்யலாம். எந்த மரமானாலும் மேல் சட்டத்தைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். காரணம் வேண்டுமா? பிள்ளையின் மர ஸ்கேலை எடுத்து இரண்டு புத்தகங்களின் மேல் பாலம் போல் படுக்க வைத்து அழுத்துங்கள், வளைகிறது. அதையே விளிம்பில் நிறுத்தி அழுத்துங்கள், அசைகிறதா, பாருங்கள்! இரண்டுக்கு நான்கு அங்குலச் சட்டம் படுத்திருப்பதை விட நிமிர்ந்திருந்தால் வளையாமல் நிற்கும் உறுதி நான்கு மடங்கு.

இன்னொரு பரீட்சையும் இருக்கிறது. ஒரு தீப்பெட்டியின் உள்பெட்டியை உருவிவிட்டு மேலுறையை மட்டும் மேஜையில் வைத்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். மடங்கிப் படுத்துவிடும். உள்பெட்டியைச் செருகிவிட்டுத் தள்ளுங்கள், அசையாது. வெறும் நான்கு காலும் சட்டமும் உள்ள ஸ்டாண்டு அந்த மேலுறை மாதிரிதான். நேராக இறங்கும் பாரத்தைத் தாங்கும். குழந்தை ஓடி வந்து இடித்தாலோ சாய்ந்துவிடும். ஆகவே பின்பக்கத்திலும் இரு பக்கங்களிலும் பிளைவுட் பலகையை ஒட்டி ஸ்குரூ போட்டு இறுக்க வேண்டும். அது அழகுக்காகப் போடுவதல்ல. வீட்டில் ஓடி விளையாடும் குழந்தை இருந்தால் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக் கொடுக்கவே கூடாது.

பிளைவுட் என்றால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மலிவுதான். ஆனால் தண்ணீர் பட்டால் ஊறிய அப்பளம் போல் உப்பிவிடும். ஸ்குரூவும் கீலும் துருப்பிடிக்காத எஃகில், அதிலும் 316 என்ற ரகத்தில் இருக்கட்டும். உப்புக் காற்று சாதாரண இரும்பை என்ன பாடு படுத்தும் என்பது கடலோரத்து ஜன்னல் கம்பிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உங்கள் தொட்டியில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் சுமார் 16 கிலோ உப்பு கரைந்திருக்கப் போகிறது. அது சமையல் உப்பு அல்ல. கடல் நீருக்கென்றே கலந்து விற்கும் உப்பு.

ஸ்டாண்டு நின்றதும் ரசமட்டம் வைத்து நீளம், அகலம், குறுக்கு எல்லாவற்றிலும் பாருங்கள். மேல் சட்டத்தின் மீது நேரான கோல் ஒன்றை வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் அங்கே கண்ணாடிக்குத் தாங்கல் இல்லை என்று அர்த்தம். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் ஆப்பை ஸ்டாண்டுக்கும் தரைக்கும் நடுவில் வைக்க வேண்டும். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் செருகவே கூடாது. ஒரே இடத்தில் கண்ணாடி அழுந்தினால், இன்றில்லாவிட்டாலும் என்றாவது ஒரு நாள் விரிசல் விடும். அது பெரும்பாலும் நடுநிசியாக இருக்கும்!

கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டியை முன்கூட்டியே வாங்கி அளந்துகொள்ளுங்கள். ஸ்டாண்டைச் செய்து முடித்த பிறகு, முன்பக்கத்து நடுக்கால் இடித்துக்கொண்டு அது உள்ளே போக மறுத்தால், அலமாரியைச் செய்த பிறகு வாசற்படியை அளந்த கதையாகிவிடும். நடுக்கால் வேண்டாமென்றால் மேல் சட்டத்தின் உயரத்தை 6 அங்குலமாக்கினால் போதும். கீழ்த் தொட்டியை ஒரு போதும் தளும்ப நிரப்பாதீர்கள். மின்சாரம் நின்றால் பம்பு நிற்கும். மேலிருந்து கொஞ்சம் தண்ணீர் கீழே வடியும். அதற்கு அங்கே இடம் வேண்டும். இல்லையென்றால் அது உங்கள் ஜமக்காளத்தில்தான் இடம் பிடிக்கும்.

மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டோம்: யார் கை வைப்பது? 1846-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அன்னா தின் என்ற சீமாட்டி, டார்க்கீ என்ற கடற்கரை ஊரில் கிடைத்த பவள உயிர்களை லண்டனிலுள்ள தம் வீட்டுக்குக் கொண்டு வந்து வளர்த்தார். வீட்டுக்குள் கடல் உயிர்களை நெடுநாள் காப்பாற்றிக் காட்டிய முன்னோடிகளில் அவரும் ஒருவர். காற்றுப் பம்பு இல்லாத காலம் அது. திறந்த ஜன்னலருகே நின்று அந்தத் தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றி, அதில் காற்றுக் கலக்கச் செய்தது யார், தெரியுமா? வீட்டுப் பணிப்பெண்! நாம் காப்பி ஆற்றுவது போலத்தான். கடலை வீட்டுக்குக் கொண்டு வருவது ஒருவர், ஆற்றுவது இன்னொருவர்.

நம் வீட்டிலும் அப்படித்தான் நடக்கும். முதல் மாதம் கணவரும் பிள்ளையும் போட்டி போட்டுக்கொண்டு கண்ணாடி துடைப்பார்கள். மூன்றாம் மாதம்? ஆகவே அவர்கள் உயரத்துக்கு ஸ்டாண்டைச் செய்துவிட அனுமதிக்காதீர்கள். 28 அங்குல ஸ்டாண்டின் மேல் 24 அங்குலத் தொட்டி வைத்தால் விளிம்பு 4 அடி 4 அங்குலத்தில் இருக்கும். ஐந்தடி உயரமுள்ள சகோதரிக்கு அது தோளுக்கும் மேலே. உறுதியான ஒரு மரப்படியையும் அதே மரத்தில் இப்போதே செய்து தரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி ஈரக் கையோடு நிற்கும் வேலை வேண்டாம்.

மேல்கூட்டுக்கும் இதே நியாயம்தான். அது விளக்கை மறைக்கும். கண் கூசாமல் காக்கும். துள்ளும் மீன் தரையில் விழாமல் தடுக்கும். ஆனால் பெட்டி போல் இறுக மூடினால் விளக்கின் சூடும் நீராவியும் உள்ளேயே தங்கிவிடும். கடல் மீன்களுக்கு 25 முதல் 27 டிகிரி சுகம். நம் ஊர்க் கோடையில் தண்ணீர் 30-ஐச் சுலபமாகத் தாண்டும். ஆகவே கூட்டின் பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். தண்ணீர்ப் பரப்பின் மேல் மெல்லிய வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி வைத்தால் காற்றும் போகும், மீனும் தப்பாது. சிறு மின்விசிறி ஒன்று வைத்தால், ஆவியாவதாலேயே தண்ணீர் சற்றுக் குளிரும். அப்படிக் குறைந்த தண்ணீருக்கு ஈடாக உப்பில்லாத நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஆவியாகப் போவது தண்ணீர், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது.

கூட்டை மெல்லிய பலகையில், கனமில்லாமல், ஒரு அடி உயரத்துக்குச் செய்தால் போதும். முன்பக்கம் கீல் வைத்துத் தூக்கும் கதவாக இருக்கட்டும். தூக்கினால் தானே நிற்கும்படி ஒரு தாங்கியும் வேண்டும். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இரை போடுவது எத்தனை நாள் நடக்கும்? உள்ளும் புறமும், முக்கியமாக வெட்டு விளிம்புகளிலும், ஈரம் ஏறாத பூச்சு மூன்று முறை பூசி, வாசனை அடியோடு போகும் வரை காய விடுங்கள்.

மின்சார விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. 30 மில்லி ஆம்பியரில் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. அந்த இணைப்புக்குக் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குப் போகுமுன் ஒரு முறை கீழே தொங்கிப் பிறகு மேலேறட்டும். ஒயர் வழியே ஒழுகும் சொட்டு அந்தத் தாழ்வில் விழுந்துவிடும், பிளக்குக்குள் போகாது.

எல்லாம் முடிந்ததும் வெறும் குழாய்த் தண்ணீரை நிரப்பி ஒரு வாரம் காத்திருங்கள். தினம் ஒரு முறை ரசமட்டம் வையுங்கள்; அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். ஏழு நாள் அசையாமல் நின்றால் உப்பைக் கரைக்கலாம். அலங்காரத்துக்குக் கல் வாங்கும்போதும் ஒன்று நினைவிருக்கட்டும். நம் கடலின் கல் பவளங்களும் கடல் குதிரைகளும் 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. யாராவது ரகசியமாகக் கொண்டு வந்து தந்தாலும் தொடாதீர்கள்.

ஆகவே சகோதரி, இந்த மூன்று கேள்விகளையும் ஒரு காகிதத்தில் எழுதி, பதில்களையும் அவர்கள் கையாலேயே எழுத வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதிலாக யார் பெயர் எழுதப்படுகிறது என்பதை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொண்டு பத்திரப்படுத்துங்கள். மூன்றாம் மாதம் அது உதவும்!