டி.சி. வாங்குமுன் ஒரு வார்த்தை

மே மாதம் பிறந்துவிட்டால் தஞ்சாவூர், திண்டுக்கல், காரைக்குடி, நாகர்கோவில் போன்ற ஊர்களின் பள்ளி அலுவலகங்களில் டி.சி. கேட்டுப் பெற்றோர் வந்து நிற்பார்கள். சிலருக்கு வேலை மாற்றம். மற்றவர்கள் சொல்வது ஒன்றுதான்: “புள்ளைங்க படிப்புக்காகத்தான் சார், மெட்ராஸுக்கே போயிடலாம்னு இருக்கோம்.” சென்னை இல்லையென்றால் கோவை, கோவை இல்லையென்றால் பெங்களூர்.

வேலைக்காகப் போகிறவர்களிடம் நமக்குச் சொல்ல எதுவுமில்லை. வயிற்றுப்பாடு யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. பிள்ளைகளுக்காகவே போகிறோம் என்பவர்களோடுதான் நமக்கு வழக்கு. ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் பேர் வரை வாழும் நம்முடைய நடுத்தர ஊர்களே பிள்ளை வளர்க்க மிகத் தகுந்த இடங்கள் என்பது நம் உறுதியான கருத்து. அந்தத் தகுதியை இவ்வூர்கள் வேகமாக இழந்துவருகின்றன என்பதும், அதைத் தடுக்கும் பொறுப்பு உள்ளாட்சிகளுக்கும் மாநில அரசுக்கும் உண்டு என்பதும் அந்தக் கருத்தின் மறுபாதி.

கும்பகோணத்தை எடுத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 1.4 லட்சம் பேர். அன்றைய நகராட்சி எல்லை 13 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கியது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சைக்கிளில் போக அரைமணி நேரம் ஆகாது. அதே 2011இல் சென்னை மாநகராட்சி விரிவாக்கப்பட்டு 426 சதுர கிலோமீட்டர் ஆனது. இந்த இரண்டு பரப்புகளுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் பிள்ளையின் நாளில் எப்படி இறங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். சென்னையில் ‘நல்ல பள்ளி’ தேடிச் சேர்க்கப்பட்ட பிள்ளை விடிந்தும் விடியாமலும் வேனுக்காகத் தெருமுனையில் நிற்கிறது. திரும்பி வரும்போது முகத்தில் களை இருப்பதில்லை. அதன்பிறகு டியூஷன், சாப்பாடு, வீட்டுப்பாடம், தூக்கம். நடுத்தர ஊரில் நாலரை மணிக்குள் பிள்ளை வீட்டுக்கு வந்து, பையைப் போட்டுவிட்டு, வாயில் எதையோ மென்றுகொண்டே வெளியே ஓடிவிடுகிறது. இருட்டும் வரை அந்தப் பொழுது அதற்கே சொந்தம். குழந்தைப் பருவத்தில் அந்த இரண்டு மணி நேரத்தைவிடப் பெரிய சொத்து வேறு இருப்பதாக நாம் நினைக்கவில்லை. வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் குறைவு என்று கண் மருத்துவர்கள் சொல்கிறார்கள் என்பது கூடுதல் லாபம்.

அதைவிட முக்கியமானது தனியாகப் போய்வருதல். பத்து வயதுப் பிள்ளையை மாவு வாங்கிவர, அத்தை வீட்டுக்குப் பாத்திரம் கொண்டுபோக, நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கத் தனியாக அனுப்ப முடிகிற ஊர்கள் இவை. மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவது, நாய் இருக்கும் சந்தைத் தவிர்ப்பது, மழை வந்தால் யார் வீட்டுத் திண்ணையில் ஒதுங்குவது என்பதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது. பெருநகரத்தில் பதினைந்து வயதுப் பையனைக்கூட அப்பா ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, வாசலிலேயே காத்திருந்து கூட்டிவருகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சாலையில் நாமும் அதைத்தான் செய்வோம்.

இப்படிப் பேசினால் உடனே, “அப்படியானால் கிராமமே மேல் அல்லவா?” என்று ஒரு கேள்வி வரும். கிராமத்தில் கண்மாய் உண்டு, மரம் உண்டு, ஆடு மாடு உண்டு. ஆனால் நள்ளிரவில் இழுப்பு வந்த குழந்தையைக் காட்டக் குழந்தை மருத்துவர் இல்லை. பிளஸ் டூவில் பிள்ளை விரும்பும் பாடப்பிரிவு இல்லை. நடுத்தர ஊரின் பலம், சிற்றூரின் நெருக்கத்தோடு நகரத்தின் வசதிகளும் ஓரளவு சேர்ந்திருப்பதுதான். மருத்துவம் இல்லையே என்ற பழைய குறையும் பெருமளவு மாறிவிட்டது. 2022 ஜனவரியில் விருதுநகர், திண்டுக்கல், நாமக்கல், அரியலூர், ராமநாதபுரம் உட்பட 11 இடங்களில் ஒரே நாளில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. எல்லாத் துறைகளும் அங்கே நிறைந்துவிட்டதாகச் சொல்ல மாட்டோம். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய நிலையை மனத்தில் வைத்துக்கொண்டு இன்று ஊரைவிட்டுக் கிளம்புவது பொருந்தாது.

திறமைக்கு ஊரில் இடமில்லை என்பது அடுத்த வாதம். கும்பகோணம் என்றதும் கணித மேதை ராமானுஜன் பெயரை எடுத்துவிடுவது வழக்கம், நாம் எடுக்கப்போவதில்லை. மேதைகள் எங்கும் பிறப்பார்கள், அதைக்கொண்டு ஊருக்கு மதிப்பெண் போட முடியாது. கோவில்பட்டியைப் பாருங்கள். 2011 கணக்கில் ஒரு லட்சத்துக்கும் சற்றுக் குறைவான மக்கள். கரிசல் மண், தீப்பெட்டித் தொழில், கடலைமிட்டாய். அந்த ஊர் தலைமுறை தலைமுறையாக ஹாக்கி ஆடுகிறது. 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் மாரீஸ்வரன் சக்திவேல் ஆடினார், அவர் கோவில்பட்டிக்காரர். அவர் ஒருவர் அங்கே போனார் என்பதல்ல நாம் சொல்ல வருவது. அவரோடு மட்டை பிடித்து, இந்திய அணிக்குப் போகாமல், ஊரிலேயே கடை வைத்தும் ஆலையில் வேலை பார்த்தும் வாழ்கிற எத்தனையோ பேர், மாலையில் மைதானத்துக்கு வந்து சின்னப் பையன்களுக்குப் பந்தை நிறுத்தக் கற்றுத் தருகிறார்கள். பயிற்சிக் கட்டணம் மாதம் இத்தனை என்று பலகை தொங்கும் பெருநகர அகாடமியில் காசு கொடுத்தால் பயிற்சி கிடைக்கும். வயதில் மூத்த ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு, “நேத்து ஏம்ல வரல?” என்று கேட்பது அங்கே கிடைக்காது.

இவையெல்லாம் தாமாக முளைத்தவையும் அல்ல. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்காக வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் ஆய்வகம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1947இல், அழகப்பர் கல்லூரி தொடங்கிவிட்டார். அதனால் காரைக்குடியில் வளரும் பிள்ளைக்கு விஞ்ஞானி என்பவர் செய்தித்தாளில் வரும் ஆள் அல்லர்; காய்கறிக் கடையில் பக்கத்தில் நின்று கத்தரிக்காய் பொறுக்குகிறவர், பள்ளித் தோழியின் அப்பா. ஒரு தொழிலைப் பிள்ளை தன் கண்ணால் பார்ப்பதற்கும், வழிகாட்டி முகாமில் படம் போட்டு விளக்கக் கேட்பதற்கும் உள்ள தூரம் சாதாரணமானது அல்ல.

இனி, நம் வாதத்துக்கு எதிராக நிற்பவற்றையும் பேசியாக வேண்டும்.

ஒன்று, நாமக்கல். கோழிப் பண்ணைக்கும் லாரிக்கும் பேர்போன அந்த வட்டாரம் ஒரு காலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கும் பேர்பெற்றது. மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் அடைத்து, பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, விடியற்காலை முதல் இரவு வரை படிக்கவைத்தார்கள். ‘பிராய்லர் பள்ளி’ என்று ஊர் வாய் பெயர் வைத்தது சும்மா அல்ல. மாநில அளவில் ரேங்க் அறிவிக்கும் வழக்கம் 2017இல் நிறுத்தப்பட்ட பிறகும், நீட் வந்த பிறகும், அந்த மனப்பான்மை வேறு பலகை மாட்டிக்கொண்டு பல ஊர்களில் பரவியிருக்கிறது. ஊர் அளவாக இருந்தால் மட்டும் குழந்தைப் பருவம் பிழைத்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில் மைதானம் இருந்து, பிள்ளை விடுதி அறையில் இருந்தால் அந்த மைதானத்தால் யாருக்கு என்ன பயன்?

இரண்டாவது, இன்னும் கனமானது. சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். “யார் வீட்டுப் பிள்ளை நீ?” என்று பெரியவர் கேட்கும்போது அதில் அக்கறை இருக்கலாம். சாதியைத் தெரிந்துகொள்ளும் நோட்டமும் இருக்கலாம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை, அவரோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்வது, பள்ளிப் பெயர்களில் ஒட்டியுள்ள சாதிப் பெயர்களை நீக்குவது போன்ற பரிந்துரைகள் அதில் இருந்தன. அறிக்கை அலமாரிக்குப் போய்விடக் கூடாது. பெண் பிள்ளைகளின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். எந்தப் பேருந்து நிறுத்தத்தில் யாரோடு நின்று பேசினாள் என்பது அவள் வீடு போய்ச் சேருமுன் வீட்டை எட்டிவிடும். அறிமுகம் பாதுகாப்பாகவும் இருக்கிறது, வேவாகவும் இருக்கிறது. மூச்சுமுட்டித்தான் சிலர் சென்னைக்கு ஓடினார்கள் என்றால் அந்த நியாயத்தை நாம் மறுக்க மாட்டோம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெருநகரத்தில் பிரிவினை இல்லாமல் போகவில்லை. சுற்றுச்சுவர் எழுப்பி, வாசலில் காவலாளியை நிறுத்தி, வருமானத்தால் முன்கூட்டியே சலித்துவிடுகிறார்கள். அடுக்ககத்துப் பிள்ளைக்கு ஆட்டோ ஓட்டுநரின் மகன் வகுப்புத் தோழனாக வரும் வாய்ப்பே இல்லை. நடுத்தர ஊரின் அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் வங்கி அலுவலர் மகளும் டீக்கடைக்காரர் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த காலம் வெகு தொலைவில் இல்லை. சில பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. வெறுப்பு அங்கே நேருக்கு நேர் நிற்பதால் அதை எதிர்கொள்ளவும் அங்கேதான் முடியும். கண்ணில் படாத மனிதரைப் பற்றிப் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?

பெற்றோரின் வேலை மூன்றாவது. ஞாயிற்றுக்கிழமை இரவு எந்த மாவட்டத் தலைநகரின் பேருந்து நிலையத்திலும் சென்னைக்கும் பெங்களூருக்கும் கிளம்பும் வண்டிகளைச் சுற்றித் தோளில் பை மாட்டிய அப்பாக்கள் நிற்கிறார்கள். வெள்ளி இரவு வந்து, ஞாயிறு இரவு போகிறவர்கள். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களுக்கு அதுவும் இல்லை. அப்பா கைப்பேசித் திரையில் மட்டும் இருக்கும் வீட்டில், ‘ஊரே வளர்க்கும்’ என்ற பேச்சு பாதிப் பாரத்தை அம்மாவின் தலையில் வைப்பதுதான். 2024இல் விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சிறிய டைடல் பூங்காக்கள் திறக்கப்பட்டன. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் பத்தாண்டுகளுக்கும் மேலாக இயங்குகிறது. இவை நல்ல தொடக்கம். இன்னும் பத்து மடங்கு வேண்டும். மென்பொருளில் மட்டுமல்ல, தணிக்கை, வடிவமைப்பு, மருந்து, உணவுப் பதப்படுத்தல் எல்லாவற்றிலும் வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே, நகரங்களைத் தரம் உயர்த்தும் வேலை மும்முரமாக நடக்கிறது. 2024 ஆகஸ்டில் காரைக்குடி, புதுக்கோட்டை, நாமக்கல், திருவண்ணாமலை நான்கும் மாநகராட்சிகள் ஆயின. மாநகராட்சி என்றால் கூடுதல் நிதி வரும், நல்லதுதான். ஆனால் நம் உள்ளாட்சிகளின் கற்பனையில் வளர்ச்சி என்றால் அகலமான சாலை, பெரிய பேருந்து நிலையம், வணிக வளாகம். நடைபாதை அதில் வருவதே இல்லை. பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசே இலவசமாக மிதிவண்டி கொடுக்கிறது; அதை ஓட்டிக்கொண்டு பயமில்லாமல் பள்ளிக்குப் போக ஒரு கிலோமீட்டர் சாலையைக்கூட ஒதுக்குவதில்லை. புறவழிச்சாலை வந்த பிறகும் கனரக வண்டிகள் பள்ளி விடும் நேரத்தில் கடைவீதிக்குள் வருகின்றன.

திறந்தவெளியின் நிலையும் இதுதான். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போடுகிறவர் சாலை போக 10 விழுக்காடு நிலத்தைப் பொது இடமாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. காகிதத்தில் ஒப்படைக்கப்பட்ட அந்த இடங்களில் எத்தனை இன்று பூங்காவாகவோ மைதானமாகவோ இருக்கின்றன? முள்மண்டிக் கிடப்பவை, குப்பை கொட்டப்படுபவை, யாரோ சுற்றி வேலி போட்டுக்கொண்டவை என்று வார்டுக்கு வார்டு காணலாம். ஒவ்வொரு நகராட்சியும் மாநகராட்சியும் தன் வசமுள்ள இத்தகைய நிலங்களின் பட்டியலைச் சர்வே எண்ணோடு அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும். பணம் செலவழிக்காமலே நாளைக்கே செய்யக்கூடிய வேலை இது.

நூலகத்துக்குப் பணமும் தனியாக வருகிறது. 1948இல் நாட்டிலேயே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக நம்மிடம் வசூலிக்கிறார்கள். அதை நூலக ஆணைக்குழுவிடம் சேர்க்காமல் உள்ளாட்சிகள் நிலுவை வைப்பது பழைய நோய். அந்த நிலுவையைத் தீர்த்து, கிளை நூலகங்களைப் பள்ளி விட்ட பிறகு இரவு எட்டு மணிவரை திறந்துவைத்து, சிறுவர் பகுதிக்கு ஆண்டுதோறும் புதுப் புத்தகம் வாங்க வேண்டும். சாலைக்கும் வழி உண்டு: பள்ளிகளைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குக் காலையிலும் மாலையிலும் கனரக வண்டிகளை நிறுத்திவைக்க மாவட்ட ஆட்சியரின் ஓர் உத்தரவு போதும்.

டி.சி. கேட்டு நிற்கும் பெற்றோருக்கும் ஒரு வேலை இருக்கிறது. சென்னையில் கொடுக்கப்போகும் வாடகை முன்பணத்தையும் வேன் கட்டணத்தையும் எழுதிப் பார்க்கட்டும். அதற்குமுன், தங்கள் வார்டு உறுப்பினரிடம் போய் அந்தப் பொது இடம் எங்கே இருக்கிறது என்று கேட்கட்டும். வார்டில் பத்துக் குடும்பம் சேர்ந்து கேட்டால் அடுத்த மன்றக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது வராமல் போகாது.